வெள்ளத்தில் வந்த முனி

"சாமி மேல கைய வச்சா கை இருக்காதுலா, கிராணி ஐயா."

இடுப்பில் செருகியிருந்த பால் வெட்டும் கத்தியைத் தொட்டுக்கொண்டே சொன்னாள் முத்தம்மா. ஈப்போ ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் கார்த்திகேசு, கோலா கங்சார் பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்துக்கு வருவது இது நான்காவது ஞாயிறு. விடாக்கண்டனுக்குக் கொடாக்கண்டியாக அவளும் நான்கு ஞாயிறும் சாமி இருந்த மரத்தடியை விட்டு நகரவில்லை.

"பிள்ளை, இது முனியாண்டி இல்லை, புத்தர். சுருட்டும் கள்ளும் வைச்சால் அவர் திரும்பியும் பார்க்கமாட்டார்."

"எங்க சாமி எல்லாம் குடிக்கும்."

1926 பெருவெள்ளம் வடிந்தபோது ஆற்றங்கரைச் சேற்றில் கிடைத்த வெண்கலச் சிலை அது. கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததால், தவம் செய்யும் முனி என்று தோட்டமே கும்பிட்டது.

"வெள்ளத்துக்கு அப்புறம் வந்த காய்ச்சல்ல நம்ம லயத்து வீடுகள்ல பதினோரு பேரு போனாங்க. எம்மவள இந்தக் காலடியிலதான் போட்டேன். இன்னிக்கு ஓடியாடித் திரியுறா. இவர அனுப்பிட்டு நான் என்ன செய்ய?"

"அது விளங்குது. ஆனா இது இலங்கையில ஒரு கடலோர விகாரையில இருந்த சிலை. எழுபது வருசத்துக்கு முன்னம் கடல்கொள்ளைக்காரர் தூக்கிக்கொண்டு வந்தவை. விக்கிறதுக்கு இந்த ஆத்தால கொண்டு போகேக்க படகு கவிண்டிட்டுது. திரும்ப அங்க வைக்காமல் நான் விடமாட்டன்."

"நீங்க புத்தரக் கும்பிடுறவரா?"

"இல்லை, சைவம்."

"அந்தக் கோயிலுக்கு வேண்டியவரா?"

"அதுவும் இல்லை."

"அப்ப வெள்ளைக்காரன்கிட்ட விக்கப் போறீங்க."

"ஐயோ, சத்தியமா இல்லை."

முத்தம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். சாமி போனால் காய்ச்சல் திரும்பி வந்துவிடும் என்று நான்கு வாரமாக அவளுக்குத் தூக்கமே இல்லை.

"பறிகுடுத்தவன் வந்து கேட்டா அது நாயம். தூக்கிட்டு வந்த திருடனே வந்து, எடுத்த எடத்துல வைக்கிறேன்னு நின்னாக்கூட நாயம்தான், நானே தூக்கிக் குடுப்பேன். ரெண்டுமில்லாம நடுவுல நீங்க யாரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கார்த்திகேசு சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"திருடின மனுசன் செத்து முப்பது வருசமாச்சுது, பிள்ளை," என்றார். "அவரின்ட பேரன் நான் வந்து நிக்கிறன், தருவீரோ?"