கதவைத் திறக்கச் சொன்னது யார்?

டிவி சீரியலில் ஒரு மாமியார், "கதவைத் திற!" என்று கத்தினாள். அலமாரியிலிருந்த, குரல் கேட்டு வேலை செய்யும் ஸ்பீக்கர் அதை அப்படியே வாசல் பூட்டுக்குச் சொன்னது.

"சொன்னது நம்ம வீட்டம்மாவா?" என்று பூட்டு அலுப்போடு கேட்டது.

"குரல் வந்துச்சு, சொல்லிட்டேன். இனி உன் பாடு."

"திறக்கிறதுதான் என் வேலை. யார் வெளியே போனா எனக்கென்ன?" என்று பூட்டு திறந்துகொண்டது.

காற்றில் கதவு விலகியது. கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை, வெளியே மாடிப்படியைப் பார்த்து நகர்ந்தது.

எண்ணெய் காணாத கதவுக் கீல், இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கிறீச்சிட்டது. சமையலறையிலிருந்து ஓடிவந்த அம்மா, குழந்தையைப் படியோரத்தில் வாரியெடுத்தாள்.

"உன்னை யார் கத்தச் சொன்னது?" என்றது ஸ்பீக்கர்.

"யாரும் சொல்லலை. குழந்தை படிகிட்ட போயிடுச்சே" என்றது கீல், மூச்சு வாங்கியபடி.