நான்காம் வரிசையில் நின்ற பை

சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாக வேண்டும், காணிக்கை அப்புறம்தான் என்று போதகர் இப்போதுதான் பிரசங்கத்தை முடித்திருக்கிறார். பாட்டு தொடங்குகிறது. ஜன்னல் வெயில் சாய்ந்து விழும் பெஞ்சுகளுக்கு நடுவே, காணிக்கைப் பையோடு தச்சர் வரிசை வரிசையாக வருகிறார். நான்காவது வரிசையின் ஓரத்தில் அவருடைய தம்பி. இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வழக்கம்போல் தச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பையை நீட்டுகிறார். பையில் எதுவும் விழவில்லை. தம்பியின் கை மடியில் மூடியே இருக்கிறது. பின்வரிசையில் யாரோ செருமுகிறார்கள்.

“போடு,” என்கிறார் தச்சர், ஜன்னலைப் பார்த்தபடியே.

“எப்படிண்ணே போடறது? இப்பத்தானே கேட்டோம்.”

தச்சரின் காது சிவக்கிறது. பாட்டு இரண்டாம் சரணத்துக்குப் போகிறது. அவர் பையைத் தரையில் வைக்கிறார்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு.”