டப்பாத் திருடி

பெருக்குகிறவள் சாப்பாட்டு அறைக் கதவை மெல்லத் திறந்து உள்ளே வந்தாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.

'வாடி வா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் குந்தியிருந்த போலீசக்கா.

போலீசக்கா என்றால் காக்கி உடுப்பு போட்டவள் இல்லை. அந்தத் தையல் கம்பெனியில் தைத்து வருகிற சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. நாள் முழுக்கக் குறை தேடுகிற கண், மனுஷர்களை மட்டும் சும்மா விடுமா? சொந்தப் புருஷன் சிரித்தாலே 'இப்ப எதுக்குச் சிரிப்பு?' என்று கேட்கிற ரகம்.

கொஞ்ச நாளாகவே பட்டன் மெஷின்காரியின் சாப்பாட்டு டப்பா மட்டும் மதியம் திறந்தால் காலியாக இருக்கிறது. தின்றவள் டப்பாவைக் கழுவித் துடைத்து வேறு வைத்துவிட்டுப் போகிறாள். எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும்! பாவம் பட்டன்காரி, புருஷனுக்கு வேறு வேலை போய்விட்டது. ஆளுக்கு ஒரு பிடி அவளுக்குப் போட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள்.

நேற்று மேனேஜரிடம் போய்ச் சத்தம் போட்டதும் போலீசக்காதான். "ஆள் கிடைச்சா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்பணும் சார். போட்டோ எடுத்து கேட்டுல ஒட்டணும். வேற எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கக் கூடாது."

"ஒரு டப்பா சாப்பாட்டுக்கு ஒருத்தி பொழப்பையே கெடுக்கணுமாம்மா?" என்றார் பக்கத்தில் நின்ற கட்டிங் மாஸ்டர்.

"முதலாளி வீட்டுல திருடட்டும், நான் ஏன்னு கேக்க மாட்டேன். நம்மளை மாதிரி அரை வயித்துக்காரி வயித்துல அடிக்கிறவளுக்கு என்ன இரக்கம் வேண்டிக்கிடக்கு?"

"செஞ்சிடலாம்" என்றார் மேனேஜர்.

போலீசக்காவின் சந்தேகமெல்லாம் பெருக்குகிறவள் மேல்தான். வேலைக்குப் புதுசு, யாரோடும் ஒட்டமாட்டாள், எந்நேரமும் குழாயடியில் நிற்கிறாள். அதனால் இன்றைக்கு லீவு என்று சொல்லிவிட்டு, கூலி போனால் போகட்டும் என்று, எல்லாருக்கும் முன்னால் வந்து சாப்பாட்டு அறையில் ஒளிந்துகொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. பட்டன்காரி அலமாரியில் டப்பாவை வைத்துவிட்டுப் போனதைக் கூடப் பார்த்தாள்.

பெருக்குகிறவளோ அலமாரியை நெருங்கவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, வீங்கியிருந்த காலைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிட்டுக்கொண்டாள். வேலை நேரத்தில் உட்கார்ந்தால் திட்டு விழும் என்ற பயம் போலிருக்கிறது, உடனே எழுந்து போய்விட்டாள்.

போலீசக்காவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. 'இருக்கட்டும், திரும்பி வருவா.' வரவில்லை. அவள் மட்டுமா, வேறு ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

மதிய மணி அடித்தது. கூட்டம் திமுதிமுவென்று உள்ளே வந்தது.

"ஐயையோ, இன்னைக்கும் போச்சே!" பட்டன்காரி காலி டப்பாவைத் தூக்கிக் காட்டினாள்.

"பெருக்குறவ இந்த ரூமை விட்டு வெளிய போனதை நானே பார்த்தேன்!" என்றாள் ஒரு தையல்காரி. அவ்வளவுதான், ஆளாளுக்கு அவளைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார்கள். மேனேஜரும் செல்போனோடு ஓடி வந்தார்.

"நிமிர்ந்து பாரு. மூஞ்சியை மறைக்காதே!" என்று போட்டோ எடுக்கப் போனார்.

"சத்தியமா நான் தொடலைங்க. இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு வேற வழி இல்லைங்க." பெருக்குகிறவள் கேவிக் கேவி அழுதாள்.

போலீசக்காவுக்குப் பொறுக்கவில்லை. "விடுங்கடி அவளை!" என்று அட்டைப்பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, தலையெல்லாம் தூசியாக வெளியே வந்தாள்.

அவளைப் பார்த்ததும் பட்டன்காரி முகத்தில் ஈயாடவில்லை. டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

போலீசக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் வரும்போதே அந்த டப்பாவில் ஒன்றும் இல்லை. புருஷனுக்கு வேலை போனதிலிருந்து, இருக்கிறதைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வெறும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வாய்விட்டுக் கேட்க வெட்கம். அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால், இல்லாத திருட்டைச் சொன்னதற்காகப் பட்டன்காரியின் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த அப்பாவியின் வேலை போகும். பட்டன்காரி கண்ணாலேயே கும்பிட்டாள்.

"லீவுன்னு சொல்லிட்டு இங்கேயா இருந்தீங்க?" மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. "காலையிலருந்து இருந்தீங்கன்னா திருடியைப் பார்த்திருப்பீங்களே. யாருன்னு சொல்லுங்க."

போலீசக்கா தலைத் தூசியைத் தட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தின்னது நான்தான் சார்."