வாஸ்து மீனுக்குப் பொன்னாடை

மீன் ஒருக்களித்து மிதந்தது.

அவள் தொட்டியின் கண்ணாடியை விரலால் தட்டினாள். தட்டினால் வரும். மூன்று வருஷமாக அவள் கையிலிருந்துதான் இறால் வாங்கித் தின்கிறது. இப்போது காற்றுக் குமிழிகளின் அலைப்பில் வால் மட்டும் ஆடியது.

விரலைத் தண்ணீரில் நனைத்து மோந்து பார்த்தாள்.

பிளீச்சிங் பவுடர்.

நேற்று கல்லூரி வாட்ச்மேன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியிருந்தார். பவுடரில் கஞ்சத்தனம் காட்டவில்லை. காலை ஏழு மணிக்குக் குழாயைத் திறந்தபோதே நெடி மூக்கில் ஏறியது. வழக்கமாக இரண்டு நாள் டிரம்மில் கிடந்து நெடி போன தண்ணீரைத்தான் மாற்றுவாள். அதுவும் கால் தொட்டிக்குமேல் மாற்ற மாட்டாள்.

தெரிந்தேதான் ஊற்றினாள். முழுத் தொட்டியும்.

பத்து மணிக்கு டிவிக்காரர்கள் வருகிறார்கள். தாளாளர் நேற்று சாயங்காலமே உத்தரவு போட்டுவிட்டார்.

"பூங்கொடி, தண்ணி பளிங்காட்ட இருக்கோணும். நான் பேசறப்ப எம்பட பின்னாடி மீனு ஜொலிக்கோணும்."

தாளாளர் என்றால் வெறும் தாளாளர் இல்லை. கல்விச் செம்மல், அறச்சுடர், டாக்டர் சென்னிமலைநாதன். டாக்டர் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எந்தத் தீவில் இருக்கிறதென்று அவர் கல்லூரியின் பூகோள ஆசிரியருக்கே தெரியாது. வாசலில் அவருக்கு மார்பளவுச் சிலை உண்டு. திறந்து வைத்தவரும் அவரே.

மீனைப் பார்த்துக்கொண்ட முந்தைய ஆள், ஒரு செதில் உதிர்ந்ததற்கே வீட்டுக்குப் போனார்.

அவள் மகள் இதே கல்லூரியில் மூன்றாம் வருஷம். ஃபீஸ் கிடையாது. தாளாளர் தயவு.

வெளியே கார் வந்து நின்றது.

சொல்லிவிடுவதென்று முடிவு செய்தாள். 'நான்தான் சார்.' இரண்டே சொல். நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டாள்.

அவர் வந்தார். தொட்டியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு, மெல்ல, கோயில் பிரசாதம் கிடைத்தவர்போல மலர்ந்தது.

கைகூப்பினார்.

"எனக்கு வந்ததைத் தான் தாங்கீட்டுப் போயிருச்சு பாரு!"

வாஸ்து மீன் செத்தால் முதலாளியின் கண்டம் கழிந்துவிடும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். விவரமானவன். மீன் செத்த வீட்டில் இன்னொரு மீன் விற்க வேண்டுமே.

இரண்டு சொல்லும் வந்த வழியே தொண்டைக்குள் இறங்கின.

டிவிக்காரர்கள் தாளாளரின் வெற்றி ரகசியத்தை விட்டுவிட்டு மீனின் பக்கம் கேமராவைத் திருப்பினார்கள். இரண்டடி நீள அரோவானா. வாழையிலையில் கிடத்தினார்கள். தாளாளர் பொன்னாடை போர்த்தினார். வாழ்நாளில் அவர் அடுத்தவருக்குப் போர்த்திய முதல் பொன்னாடை. உடற்கல்வி ஆசிரியர் விசிலடித்து மௌன அஞ்சலியைத் தொடங்கி வைத்தார். பிரின்சிபால் கண்ணைத் துடைத்தார். தாளாளர் அதைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு முறை துடைத்தார்.

சிலையின் அடியில் குழி.

ஒரு பிடி மண் போடக் குனிந்த தாளாளர், நிமிரும்போது இடது தோளைப் பிடித்துக்கொண்டார்.

யாரும் கவனிக்கவில்லை.

அவள் கவனித்தாள்.

போன மாதம் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நாக்கடியில் மாத்திரை வைத்தவள் அவள்தான். "ஆருகிட்டயும் சொல்லீராத சாமி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் செம்மலும் இல்லை, சுடரும் இல்லை. பயந்துபோன ஒரு மனுஷன்.

இரண்டு தடவை தள்ளிப்போட்டு, நாளைக் காலை ஏழு மணிக்குக் கோயமுத்தூரில் ஆஞ்சியோ. கெஞ்சிக் கூத்தாடி நேரம் வாங்கியவளும் அவள்தான்.

கூட்டம் கலைந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு போனப் போட்டு, வேண்டாம்னு சொல்லிரு. அதுதான் எடுத்துட்டுப் போயிருச்சல்லோ."

"சார், டாக்டரு கண்டிப்பா வரச் சொன்னாருங்க..."

"நானுந்தான் டாக்டரு." அவரே சிரித்துக்கொண்டார். "புது மீனுக்குச் சொல்லியாச்சு. இதைய விடப் பெருசு. நீதான் பாத்துக்கோணும், உன்ற கை ராசியான கை."

மாடியிலிருந்த தன் அறைக்குப் படியேறப் போனார்.

அவள் தன் கையைப் பார்த்தாள். மூன்று முறை சோப்புப் போட்டிருந்தாள்.

எண்ணை அழுத்தினாள்.

மறுமுனையில் ஒரு பெண். "நாளைக்கு ஏழு மணி. பேஷண்ட் வர்றாங்களாங்க? இல்லீன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துருவோம்."

மீனில்லாத தொட்டியில் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. தண்ணீர் பளிங்கு மாதிரிதான் இருந்தது.

படியில் தாளாளர். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது படியில் நின்றார். சுவரில் மாட்டியிருந்த தன் படத்தை ரசிப்பவர்போல நின்றார். கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

"ஹலோ? வர்றாங்களா, இல்லீங்களா?"

"ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க."

ஃபோனை மேசைமேல் வைத்தாள். தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டாள்.

படியேறினாள். சிந்தாமல்தான் ஏற நினைத்தாள். சிந்தியது.

டம்ளரை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க சார்."