அச்சு அசல்

டிலக்ஸன் வேலிக்கு அப்பால் ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிணற்றடி வாழைக்குள் மண்ணைக் கிண்டத் தொடங்கினான். சண்டை நடந்த முல்லைத்தீவில் குண்டு மாதிரி ஒன்றோடு பிடிபட்டுவிட்டு, "இது விண்வெளிப் படத்தில வாற சாமான், ஐயா" என்றால் எந்தப் பொலிஸ் நம்பும்?

லண்டன் நிமலன் அண்ணை அப்படியான சாமான்கள் சேர்க்கிறவர். அவருக்காக முதல் மாதிரியை இரும்பில் செய்து, துருப்பிடிக்கட்டும் என்று ஈர மண்ணில் புதைத்திருந்தான்.

புதைத்த இடத்தில் அதைக் காணவில்லை. இன்னும் ஆழமாகக் கிண்ட, அகப்பட்டது. சேறும் துருவும் அப்பி, அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. அப்படித்தானே வேண்டும்!

சாக்கால் சுற்றிக்கொண்டு பட்டறைக்குள் ஓடி, வீடியோ கோலில் நிமலன் அண்ணைக்குக் காட்டினான்.

"அச்சு அசல் குண்டு, தம்பி! பொய்ச் சாமானெண்டு ஆரும் சொல்லமாட்டினம். மூடி கழண்டு வருமோ?"

"இறுகிப்போச்சு, அண்ணை. பொறுங்கோ."

சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். படலை கிரீச்சிட்டது. பதறிப்போய்ச் சாக்கை இழுத்து மூடினான்.

வந்தது அவன் மனைவி கம்சா.

"சீ, நீரா? பொலிஸெண்டு பயந்திட்டன்."

"அந்தப் பயத்திலதானப்பா, நான் விடியவே அதைக் கிண்டி எடுத்துப்போட்டு, மண்ணையும் மூடிவிட்டன். அரிசி வாளிக்குள்ள கிடக்கு."

"எது?"

"உங்கட விளையாட்டுக் குண்டுதான்."

டிலக்ஸனுக்குச் சாக்கில் வைத்த கையை எடுக்க முடியவில்லை.

போனுக்குள் நிமலன் அண்ணை அவசரப்பட்டார்: "இன்னும் ஒரு தட்டுத் தட்டும், தம்பி!"