கண்ணூறுக்கு வைத்த முகமூடி

கலகெதர மலைச்சரிவில் தனேஸ் தன் வீட்டுக்கு மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தான். கண்ணூறு படாமலிருக்க, தகப்பன் விமலநாதன் நைஜீரியாவில் படிப்பித்த காலத்தில் கொண்டுவந்த யொருபா மரமுகமூடியை, போர்டிகோவில் குவித்திருந்த மணலில் ஒரு கம்பை நட்டு அதன்மேல் கவிழ்த்துவிட்டான்.

"எடடா அதை! அதென்ன வெருளியே?" என்றார் விமலநாதன். "அங்க திருவிழாவில அதைத் தலையில போட்டுக்கொண்டு ஒருத்தன் மண்மேட்டுக்குப் பாய்வான். நிமிர்ந்து நிண்டால் ஊருக்கு நல்ல வருசம். விழுந்தால் அழிவு."

"இஞ்ச ஆரப்பா பாயிறது? உந்த முழங்காலோட நீங்களோ?" என்று தனேஸ் சிரித்தான்.

மறுநாள் காலையில் மணலின் உச்சியில் இரண்டு வெறுங்கால் தடங்கள் ஆழப் பதிந்திருந்தன. ஏறிய தடமுமில்லை, இறங்கிய தடமுமில்லை.

"நிண்டிட்டுது," என்று சொல்லிவிட்டு விமலநாதன் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தார்.

அடுத்த கிழமை மழை விடாமல் பெய்தது. ஒரு விடியலில் மருமகள் றஜிதா கைக்குழந்தையோடு போர்டிகோவுக்குப் போய்விட்டு, அவசரமாகத் திரும்பி வந்தாள்.

"திரும்பவும் கால்தடமோ, பிள்ளை?"

"இல்லை மாமா. முகம்."

"விழுந்திட்டுது. தனேஸை எழுப்பு. உடன வெளிக்கிடுங்கோ."

மணலில் நெற்றியும் மூக்கும் திறந்த வாயும் தெளிவாகப் பதிந்திருந்தன. வாய் இருந்த பள்ளம் முழுக்கச் சிவந்த மலைமண் அடைந்திருந்தது.