தோளைத் தொட்டுக் கூப்பிடும் வீடு

தூத்துக்குடியில் செலின் டீச்சருக்கு விசில் தேவையில்லை. தொண்டையைத் திறந்தால் மைதானமே நின்றுவிடும். வீட்டில் மட்டும் அவள் சத்தம் போட்டதே இல்லை.

மகள் ஜோவி பிறந்த அன்றே, அவள் மரபணுவைப் பார்த்து, வளர்ந்தபின் அவள் மூளை எப்படியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் படம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். முன்பக்கம் ஓர் ஓரம் மெலியலாம், ஆளில்லாத குரல்கள் கேட்கலாம். செலினின் தம்பிக்கு வந்த அதே மனச்சிதைவு.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம். அடுத்த அறையிலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது. பக்கத்தில் வந்து, தோளைத் தொட்டுத்தான் பேச வேண்டும். தொடாமல் கேட்டால் அது ஆளில்லாத குரல்; அதற்கு ஜோவி திரும்பவே கூடாது.

இருபத்தெட்டு வருஷம் அப்படியே ஓடியது. நேற்று எடுத்த படத்தில் அந்த ஓரம் துளியும் மெலியவில்லை. "கண்டம் தாண்டியாச்சு டீச்சர்" என்றார் டாக்டர்.

இன்று காலை, ஆப்பச்சட்டியும் கையுமாக நின்ற செலின் ஆசை தீரக் கத்தினாள்.

"ஏட்டி ஜோவீ! ஆப்பம் ஆறுது!"

ஜோவி வரவில்லை. போய்ப் பார்த்தால், பிள்ளை கட்டிலில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். செலின் பதறித் தோளைத் தொட்டாள்.

"கூப்பிட்டேனே, கேக்கலையாட்டி?"

"நீயாம்மா கூப்பிட்ட?" ஜோவி அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வந்துருச்சுன்னு நெனச்சேன்."

செலின் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டு, விறுவிறுவென அடுப்படிக்கே திரும்பிப் போனாள்.

"ஏட்டி ஜோவீ!"

"என்னம்மா!"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஜோவிக்கும் அம்மாவின் அதே தொண்டை. அதை எந்தப் படத்திலும் யாரும் போட்டுக் காட்டவில்லை.